நீரிழிவும் நடைப்பயிற்சியும்: கல்லீரலின் கணக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





வல்ல நாயனின் பேரருளால் நம் ஜமாஅத்தின் ஓராண்டு வரவு செலவுக் கணக்கு சற்று முன்னர் இங்கே வாசிக்கப்பட்டது. பைத்துல்மாலுக்கு வந்தது எவ்வளவு, ஏழைகளுக்கு வழங்கியது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பதைப் பொருளாளர் அவர்கள் விளக்கினார்கள். நாமும் ஒரு கணக்கைப் பற்றியே பேச வந்துள்ளோம். அது ஒவ்வொருவர் உடலுக்குள்ளும் இரவு பகலாக எழுதப்பட்டு வரும் கணக்கு. அந்தக் கணக்கு பிழைபடுவதன் பெயரே நீரிழிவு. அதைச் சீர்செய்யப் படைத்தவன் நம்மிடம் விட்டுவைத்திருக்கும் எளிய வழிகளுள் ஒன்று, நம் இரண்டு கால்கள்.

நீரிழிவு எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இந்தக் கூட்டத்தில் எந்த வரிசையை எண்ணினாலும் இருவரோ மூவரோ இருப்பார்கள் என்பதே இதன் பொருள்.

பெரியவர் கேட்ட கேள்வி

நம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெரியவரின் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அவருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. பத்தாண்டுகளாக நீரிழிவு. தேநீரில் சீனி போடுவதை நிறுத்தி ஒன்பதாண்டுகள் ஆகின்றன. கல்யாண வீடுகளில் இனிப்புத் தட்டு வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் நகர்த்தி விடுபவர். அத்தகையவர் ஒருநாள் பரிசோதனைச் சீட்டை மேசை மீது வைத்துவிட்டு மனவேதனையோடு சொன்னார்: "இரவில் இரண்டே இரண்டு கோதுமைத் தோசை சாப்பிட்டேன். ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டேன். பஜ்ரு தொழுதுவிட்டு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன். 192 என்கிறார்கள். நான் உறங்கிக் கொண்டிருந்தபோது எனக்கு யார் சர்க்கரை ஊட்டியது?"

மிகவும் நியாயமான கேள்வி. "நான் வாயைக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் குறையவில்லை" என்று ஏங்குவோர் நம்மிடையே பலர் உள்ளனர். சிலர் இதனால் மனம் தளர்ந்து, கட்டினாலும் ஒன்றுதான், கட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று மருந்தையே கைவிட்டு விடுகின்றனர். ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

உடலின் பைத்துல்மால்

ஏறத்தாழ இதே கேள்வியை ஐரோப்பாவில் ஒருவர் ஆராய்ந்தார். அவர் பிரான்ஸ் நாட்டின் உடலியல் அறிஞர் க்ளோத் பெர்னார். சர்க்கரை என்பது உணவின் வழியே மட்டும் உடலுக்குள் வருவது என்று அக்காலத்தில் கருதப்பட்டது. அவரோ இறைச்சியை மட்டுமே உணவாகக் கொடுத்த விலங்கின் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தைச் சோதித்தார். அதில் சர்க்கரை இருந்தது! 1848ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இந்த உண்மை மருத்துவ உலகின் எண்ணத்தை மாற்றியது. கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. அது சேமித்து வைக்கும் மாவுப் பொருளையும் 1857இல் அவர் பிரித்தெடுத்தார். அதுவே கிளைக்கோஜன்.

இந்தச் சேமிப்பு ஏன் தேவைப்படுகிறது? நமது இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. மூளை மட்டும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 5 கிராமைச் செலவிடுகிறது. நாம் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. இரவு முழுவதும் யாராவது வழங்கிக் கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் கல்லீரல் ஏற்றுக் கொண்டுள்ளது. உணவு வரும்போது சேர்த்து வைத்துக் கொள்கிறது; உணவு இல்லாதபோது மணிக்கு 8 முதல் 10 கிராம் வரை வழங்குகிறது. கையிருப்பு குறையும்போது, தசையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வரும் வேறு பொருட்களைக் கொண்டு புதிதாகவும் குளுக்கோஸ் தயாரிக்கிறது. வசதி வரும்போது சேர்த்து, தேவை வரும்போது வழங்கும் நம் பைத்துல்மாலின் பணியும் இதுதானே!

இரண்டு உத்தரவுகள்

எந்தப் பைத்துல்மாலும் உத்தரவின்றி இயங்கலாகாது. கல்லீரலுக்கு உத்தரவு அனுப்புவது கணையம். அந்த உத்தரவுகளே ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்கள். அவற்றுள் முதன்மையானவை இரண்டு.

ஒன்று இன்சுலின். 1921இல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கண்டறிந்து, 1922 ஜனவரியில் முதன்முறையாகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தப்பட்ட அதே இன்சுலின்தான். "வெளியே போதுமான அளவு இருக்கிறது, கதவைச் சாத்து, வருவதைச் சேர்த்து வை" என்பது அது கல்லீரலுக்கு இடும் கட்டளை. தசைகளுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் "கதவைத் திற, சர்க்கரையை உள்ளே எடு" என்று அதுவே கூறுகிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் செல்கிறது. அதில் பாதியளவு அங்கேயே பயன்பட்டு முடிந்து விடுகிறது. இன்சுலினின் முதல் அலுவலகமே கல்லீரல்தான் என்று சொல்லலாம்.

மற்றொன்று குளுக்ககான். 1923இல் பெயரிடப்பட்ட இது இன்சுலினுக்கு நேர் எதிரானது. "வெளியே தட்டுப்பாடு, களஞ்சியத்தைத் திற" என்று உத்தரவிடுவது. ஆரோக்கியமானவரிடம் இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகள் போல இயங்குகின்றன. உணவுக்குப் பின் இன்சுலின் உயர, குளுக்ககான் தாழ்கிறது. பசியின்போது குளுக்ககான் உயர, இன்சுலின் தாழ்கிறது.

இரண்டாம் வகை நீரிழிவில் இந்தத் தராசு சாய்ந்து விடுகிறது. இன்சுலின் சுரந்தாலும் கல்லீரலும் தசையும் அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையமும் நாளடைவில் களைத்துப் போகிறது. தாழ வேண்டிய குளுக்ககானோ தாழாமல் நிற்கிறது. விளைவு? வெளியே வெள்ளமாய்ச் சர்க்கரை ஓடிக் கொண்டிருக்க, களஞ்சியக்காரர் கதவைச் சாத்தாமல் இரவெல்லாம் வழங்கிக் கொண்டே இருக்கிறார். அதிகாலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவையும் உயர்ந்து அவருக்கு இன்னும் ஊக்கமளிக்கின்றன. அந்தப் பெரியவருக்கு இரவில் சர்க்கரை ஊட்டியது வேறு யாருமல்லர், அவருடைய கல்லீரலே! மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கியப் பணியும் கல்லீரலின் இந்த மிகை வழங்கலைக் குறைப்பதுதான்.

மது தொடாதவரின் கல்லீரல்

கல்லீரல் ஏன் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது? முக்கியக் காரணம், அதில் படிந்துள்ள கொழுப்பு.

இதைச் சொன்னபோது அந்தப் பெரியவரின் முகம் சிவந்து விட்டது. வயிற்று ஸ்கேனில் 'கொழுப்புக் கல்லீரல்' என்று எழுதப்பட்டிருந்தது. "என் வாழ்நாளில் மதுவை முகர்ந்தும் பார்த்தவன் அல்லன். எனக்கா கல்லீரல் நோய்?" என்று கேட்டார். அவர் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. கல்லீரல் கெடுவது குடிப்பவருக்குத்தான் என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்துள்ளது. மதுவை விலக்கி வைத்தது நமக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதுவே இல்லாமலும் கல்லீரலில் கொழுப்பு சேரும். இரண்டாம் வகை நீரிழிவுள்ளோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே ஸ்கேன் சீட்டில் அப்படி எழுதியிருந்தால் அது எவர் ஒழுக்கத்தின் மீதும் சுமத்தப்படும் பழி அன்று. அதை மறைக்கவும் வேண்டாம், வீட்டாரிடம் சொல்லக் கூசவும் வேண்டாம்.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? செலவுக்கு மிஞ்சிய உணவு ஒரு காரணம். பரோட்டாவும் நெய்ச்சோறும் பிரியாணியும் நாள் தவறாத உணவாகி, உழைப்பு குறைந்துவிட்ட வாழ்க்கையில் களஞ்சியம் நிரம்பி வழிகிறது. கிளைக்கோஜனாகச் சேமிக்க இடமில்லாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. மற்றொரு காரணம், வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசு. அதுவும் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே தன்னிடமுள்ள கொழுப்பை இரத்தத்தில் ஓயாமல் கசிய விடுகிறது. அது கல்லீரலில் வந்து படிகிறது. கொழுப்பு படியப் படியக் கல்லீரலின் செவி மந்தமாகிறது. செவி மந்தமாக ஆகச் சர்க்கரை கூடுகிறது. கூடிய சர்க்கரையும் அதனால் உயரும் இன்சுலினும் மேலும் கொழுப்பையே உண்டாக்குகின்றன. இது ஒரு தீய சுழற்சி. இதை எங்கேயாவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

நடக்கும்போது உள்ளே நிகழ்வது

இங்குதான் நடை வருகிறது. மூச்சு சற்றே வாங்க, உடலின் பெரிய தசைகள் தொடர்ந்து இயங்கும் பயிற்சியை ஏரோபிக் பயிற்சி என்பர். விரைவு நடை, சைக்கிள் ஓட்டுதல், நீந்துதல் ஆகியவை அவ்வகை. இதன் சிறப்பை மருத்துவர்கள் நெடுங்காலமாக உணர்ந்திருந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா, தமது 'அல்கானூன்' நூலில் உடல்நலம் காக்கும் வழிகளுள் ஒன்றாக உடற்பயிற்சியைத் தனியே விளக்கியுள்ளார். அமெரிக்க நீரிழிவு மருத்துவர் ஜாஸ்லின், உணவுக் கட்டுப்பாடு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே வண்டியை இழுக்கும் மூன்று குதிரைகளுக்கு ஒப்பிட்டார். ஒரு குதிரை நின்றுவிட்டாலும் வண்டி கோணலாகிறது.

நடக்கத் தொடங்கியதும் கால் தசைகள் முதலில் தம்மிடமுள்ள கிளைக்கோஜனை எரிக்கின்றன. பின்னர் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுக்கின்றன. இங்கே ஓர் அற்புதம் நிகழ்கிறது. ஓய்விலிருக்கும் தசையின் கதவைத் திறக்க இன்சுலின் வேண்டும். உழைக்கும் தசையோ இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. சுருங்கி விரியும் செயலே அதன் கதவை உள்ளிருந்து திறந்து விடுகிறது. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத நீரிழிவு நோயாளியின் தசையிலும் இந்தக் கதவு நன்றாகவே வேலை செய்கிறது. முன்வாசல் பூட்டு துருப்பிடித்தாலும் பின்வாசல் திறந்திருக்கும் வீடு போன்றது இது.

அதே வேளையில் ஹார்மோன்களும் மாறுகின்றன. இன்சுலின் சுரப்பு தாழ்கிறது. குளுக்ககானும் அட்ரினலினும் உயர்கின்றன. தசைகள் செலவிடும் அளவுக்குக் கல்லீரல் வழங்க வேண்டும் அல்லவா? சாதாரண உடலில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். சர்க்கரை மிகுந்துள்ள நீரிழிவு நோயாளி மிதமாக நடக்கும்போது, கல்லீரல் தருவதைவிடத் தசைகள் எடுப்பது அதிகமாகிறது. ஆகவே இரத்தச் சர்க்கரை இறங்குகிறது.

ஆனால் அளவுக்கு மீறி மூச்சிரைக்க ஓடினால் நிலைமை வேறு. அட்ரினலின் பெருகிக் கல்லீரல் தேவைக்கு மேல் வாரி வழங்கிவிடக் கூடும். கடும் பயிற்சி முடித்த உடனே சோதித்து, "ஓடியும் சர்க்கரை ஏறிவிட்டதே" என்று சிலர் திகைப்பதன் காரணம் இதுவே. மிதமாகத் தொடர்ந்து பழகிய உடலிலோ, அதே உழைப்புக்கு அட்ரினலினும் குளுக்ககானும் குறைவாகவே எழும்புகின்றன. உடல் பதற்றமின்றி வேலை செய்யக் கற்றுக் கொள்கிறது.

நடந்து முடித்த பின்னும் பலன் நிற்பதில்லை. காலியான தசைகள் தம் இருப்பை நிரப்பிக் கொள்ள விரும்புவதால், அவை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கின்றன. இந்த நற்பலன் ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் வரை நீடிக்கும், பிறகு மறைந்துவிடும். எனவேதான் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என்று மருத்துவ அமைப்புகள் வலியுறுத்துகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, வியாழக்கிழமை அதன் பலனைத் தேடினால் கிடைக்காது.

வாரங்கள் மாதங்களாகத் தொடரும்போது கல்லீரலே மாறத் தொடங்குகிறது. எரிபொருளாகக் கொழுப்பு செலவாகிறது. கல்லீரலில் படிந்ததும் கரைகிறது. ஆஸ்திரேலியாவில் உடல் பருமனுள்ளோரிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நான்கு வாரங்கள் சைக்கிள் மிதிக்கும் பயிற்சி செய்தவர்களின் கல்லீரல் கொழுப்பு 21 சதவீதம் குறைந்தது. அவர்களது உடல் எடையோ குறையவில்லை! "ஒரு மாதம் நடந்தேன், எடை இம்மியும் குறையவில்லை" என்று நடையை நிறுத்தி விடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். தராசு காட்டாத நன்மை கல்லீரலுக்குள் நடந்து கொண்டிருக்கலாம். கொழுப்பு கரையக் கரையக் கல்லீரலின் செவி திறக்கிறது. குறைந்த இன்சுலினே போதுமானதாகிறது. இரவு நேர மிகை வழங்கல் அடங்குகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்குகிறது.

நோய் வராமல் காக்கவும் இது உதவும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆயினர். இங்கும் எடையில் பெரிய வீழ்ச்சி இல்லாமலேயே பலன் கிட்டியது.

எவ்வளவு? எப்பொழுது?

வாரத்திற்கு 150 நிமிடங்கள் என்பது பொதுவான அளவு. ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம். வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பைத் பாட மூச்சு இடங்கொடுக்கக் கூடாது. அதுவே சரியான வேகம்.

"நேரமில்லை" என்போருக்கு ஒரு கணக்குச் சொல்வோம். பள்ளிவாசலுக்கும் வீட்டிற்கும் அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஐவேளையும் நடந்து போய்வந்தால் 5 கிலோமீட்டர் ஆகிறது. நேரமாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மணி. பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் நன்மையுண்டு என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அப்படியிருந்தும் நம் பள்ளி வாசலில் ஜும்ஆ அன்று நிற்கும் இரு சக்கர வாகனங்களின் வரிசையைப் பாருங்கள். அவற்றுள் பாதி அடுத்த தெருவிலிருந்து வந்தவை! தொழுகைக்கு ஓடிவராமல் அமைதியாக வருவதே ஒழுங்கு என்பதால், வரும்போது நிதானமாகவும் திரும்பும்போது விரைவாகவும் நடக்கலாம்.

சிலர், ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதானே என்கின்றனர். தொழுகை இறைவணக்கம். அதன் நோக்கம் வேறு. அதில் மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் நன்மை உண்டெனினும், மூச்சு வாங்கும் அரைமணி நேர நடைக்கு அது மாற்றாகாது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைப்போம்.

எப்பொழுது நடப்பது என்பதில், உணவுக்குப் பிந்திய சிறு நடைக்குத் தனிச் சிறப்புண்டு. நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 41 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வு இரு முறைகளை ஒப்பிட்டது. ஒன்று, நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பது. மற்றது, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடப்பது. இரண்டாம் முறையில் உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் அந்த வேறுபாடு 22 சதவீதம். ஆகவே இரவு உண்டதும் தொலைக்காட்சி முன்போ கைப்பேசியோடோ சாய்ந்து விடாமல், தெருவைப் பத்து நிமிடம் சுற்றி வருவது பெரும்பயன் தரும்.

மறக்கலாகாத எச்சரிக்கைகள்

இனி நாம் சொல்லப் போவதே இவ்வுரையின் மிக முக்கியமான பகுதி. வேறொரு சகோதரர், ஐம்பது வயதுக்காரர், நடக்கத் தொடங்கிய மூன்றே மாதங்களில் சர்க்கரை நன்றாக இறங்கிற்று. மகிழ்ச்சி மிகுதியால் யாரையும் கேட்காமல் மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டார். பரிசோதனையையும் நிறுத்திவிட்டார். ஓராண்டு கழித்து நாம் அவரைக் கண்டபோது, உணர்ச்சியற்ற காலில் செருப்பு வார் உண்டாக்கிய புண், விரல்களை அகற்றும் நிலைக்குப் போயிருந்தது. அவர் நடந்தது தவறன்று. மருந்தைத் தாமே நிறுத்தியதே தவறு. நடை மருந்தின் துணை. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

தாழ்சர்க்கரை: இன்சுலின் போடுவோரும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் நடக்கும்போதோ அதன்பின் சில மணி நேரத்திலோ சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கக் கூடும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, கண்மங்கல் தோன்றினால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டிக் குளுக்கோஸோ சீனியோ உட்கொள்ள வேண்டும். 15 நிமிடங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

மிகைச் சர்க்கரை: சர்க்கரை 250க்கு மேலிருந்து சிறுநீரில் கீட்டோனும் காணப்பட்டால், அல்லது காய்ச்சல், வாந்தி இருந்தால், பயிற்சி செய்யலாகாது. இன்சுலின் மிகவும் குறைந்துவிட்ட அந்நிலையில் நடை சர்க்கரையைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிவிடும்.

இதயமும் கண்ணும்: நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். நெடுநாள் நோயாளிகள், விழித்திரையில் பாதிப்புள்ளோர் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது நலம்.

பாதம்: வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். நாளுக்கு ஐந்து முறை ஒளுச் செய்யும்போது கால்களைக் கழுவுகிறோம். அப்போதே பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் ஒருமுறை பார்த்து, ஈரத்தைத் துடைத்து விடுங்கள். நமக்குக் கிடைத்துள்ள இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமலிருப்பது பெரும் இழப்பு.

ரமளான்: நோன்பு நேரத்தில் களஞ்சியத்தின் கையிருப்பே உடலைக் காக்கிறது. பிற்பகலில் அந்த இருப்பு குறைந்திருக்கும். ஆகவே அஸருக்குப் பின் நோன்பு திறக்கும் வரை கடும் பயிற்சி வேண்டாம். இரவில் தொழும் தராவீஹையும் அன்றைய உடலுழைப்பின் ஒரு பகுதியாகக் கணக்கில் கொள்ளலாம். 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்ட ஆய்வில், ரமளானில் கடுமையான தாழ்சர்க்கரை பலமடங்கு கூடியது கண்டறியப்பட்டது. எனவே நோன்புக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ சென்றால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. அதை ஏற்றுக்கொள்வது பலவீனம் அன்று. ஐயமிருப்பின் நம் இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளியலாம்.

ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள்

ஆண்களுக்கு நடக்கத் தெருவும் மைதானமும் கடற்கரையும் உண்டு. நம் பெண்களுக்கு எங்கே இடம்? சமையற்கட்டுக்கும் வாசலுக்கும் இடையே நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்தாலும், அது மூச்சு வாங்கும் தொடர் நடை ஆகாது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்ட தாய்மார்கள் பின்னாளில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு நடை இன்றியமையாதது. மதரஸா வளாகத்தை மாலையில் ஒரு மணி நேரம் மகளிருக்கென்றே ஒதுக்கித் தந்தால், பெரிய செலவின்றிப் பெரும் நன்மை விளையும். அதுவரை மொட்டைமாடியில் நடக்கலாம். வீட்டு ஆண்கள் அந்த அரைமணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளட்டும். ஆண்டுக்கு இருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு முகாம் நடத்துவதையும் நிர்வாகம் பரிசீலிக்கலாம்.

இறுதியாக, அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். "களஞ்சியக்காரர் காது மந்தமாகிவிட்டார், நடந்துதான் அவரைக் கேட்க வைக்க வேண்டும்" என்று நாம் கூறியதை அவர் ஏற்றுக் கொண்டார். பள்ளிக்கு வண்டியில் வருவதை விட்டார். இரவு உணவை இஷாவுக்கு முன் முடித்து, தொழுதபின் தம் பேரனோடு பத்து நிமிடம் சுற்றி வந்தார். மாத்திரையை நிறுத்தவில்லை, மாற்றவுமில்லை. நான்கு மாதங்களில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ 192இலிருந்து 128க்கு வந்தது. சீட்டை நம்மிடம் காட்டிவிட்டு, "இப்போது இரவில் யாரும் எனக்கு ஊட்டுவதில்லை" என்று சிரித்தார்.

உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். பைத்துல்மால் கணக்கை ஆண்டுதோறும் கேட்கும் நாம், இந்த அமானிதத்தின் கணக்கையும் கேட்போமாக. இன்று இஷா முடிந்து வீடு திரும்பும்போது, வண்டியைத் தள்ளிக்கொண்டாவது நடந்து செல்வோமாக!

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், நோயுற்றோர்க்குப் பூரண ஷிஃபாவையும், நடமாடும் கால்களோடு அவனை வணங்கும் நற்பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.